கள்ளித்தோட்டத்தில் தறி நின்ற வியாழன்

கள்ளித்தோட்டத்தில் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்டது. ரிஃபத்தின் தோள்பையில் இருந்த நாற்பத்து மூன்று படிவங்களும் அப்படித்தான் சொல்லின. ஏழாவது கேள்வி, 'காது சரியாகக் கேட்கிறதா?' நாற்பத்து மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள். "அதெல்லாம் நல்லா கேக்குதுங்க."

அதை நம்புவதில்தான் சங்கடம். சோமனூரிலிருந்து கள்ளித்தோட்டம் கூப்பிடு தூரம் என்பார்கள். ஆனால் கூப்பிட்டால் கேட்காது. ஒரே ஒரு தெரு, அதில் எட்டுத் தறிக்குடோன். குடோன் என்றால் சரக்கு அடுக்குகிற இடமல்ல, விசைத்தறி ஓடுகிற நீளமான ஓட்டுக் கொட்டகை. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தறி. காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அத்தனை தறியும் ஊடு நூலை இழுத்தோடும் நாடாக்கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து விரட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தெரு நாய்கள் குரைப்பதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. குரைத்துப் பயனில்லை என்று அவற்றுக்கே தெரிந்துவிட்டது போலும். அந்தச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்றால் ஒன்று அது அதிசயமாக இருக்க வேண்டும், அல்லது ரிஃபத் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும்.

தப்புத் தன்னுடையதுதான் என்று ரிஃபத் உடனே முடிவு செய்துவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவள், வயது இருபத்திரண்டு. அப்பா ரசாக் உக்கடத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். சமூகப்பணி முதுகலை இரண்டாம் வருஷத்தில் எட்டு வாரம் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் போயே ஆக வேண்டும் என்றதும் 'நலப்பாலம்' என்ற பெயர் பிடித்துப்போய் அதில் சேர்ந்தாள். வசதி உள்ளவனுக்குக் கிடைக்கிற மருத்துவம் இல்லாதவனுக்கும் அதே தரத்தில் கிடைக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை. அதை 'சுகாதாரச் சமத்துவம்' என்று நோட்டீசில் அச்சடித்திருந்தார்கள். முதல் நாள் அந்த நோட்டீசை வாங்கிப் பார்த்த தெய்வாத்தாள், "இதென்னுங் அம்மணி, புது மாத்திரையா?" என்று கேட்டாள்.

தெய்வாத்தாள் தெருவின் முதல் குடோன்காரர் காளிச்சாமியின் மனைவி. முதலாளியம்மா என்று நாற்காலியில் உட்காருகிற ஆளில்லை. பன்னிரண்டு தறியில் நாலு தறி அவள் பொறுப்பு. முந்தானையைச் செருகிக்கொண்டு நாலுக்கும் நடுவில் அவள் திரும்புகிற வேகத்தைப் பார்த்தால் ரிஃபத்துக்குத் தலை சுற்றும்.

மூன்றாம் வாரம் ரிஃபத்துக்குச் சளி பிடித்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பார்த்து ஒருவரும் அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள். கடைசியில் தெய்வாத்தாள்தான் குடோனுக்கு வெளியே வந்து சொன்னாள்.

"அந்தத் துணிய எறக்கு கண்ணு. வாய மூடி வச்சுக்கிட்டுப் பேசினா எப்படிக் கேக்கும்?"

ரிஃபத் மாஸ்க்கை இறக்கினாள். ஏதோ ஒன்று மனதில் நெருடியது. சட்டென்று திரும்பி நின்று, முதுகைக் காட்டியபடி, நன்றாகச் சத்தமாகவே கேட்டாள். "ஏனுங்க அக்கா, டீ குடிச்சாச்சுங்களா?"

பதில் இல்லை.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "டீ குடிச்சாச்சா?"

"இப்பத்தானுங் அம்மணி குடிச்சேன்" என்றாள் தெய்வாத்தாள், பளிச்சென்று.

ரிஃபத்துக்குப் புரிந்துவிட்டது. ஊரே வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது அவர்களுக்கே தெரியவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே உதட்டாலும் கையாலும் பேசிப் பழகியவர்கள் வீட்டிலும் அப்படியே பேசினார்கள். பேச்சு புரிகிறது, ஆகவே காது கேட்கிறது. கணக்கு அவர்களுக்குச் சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் நலப்பாலத்தின் ஒருங்கிணைப்பாளர் கீதா முழுக்கதையையும் கேட்டுவிட்டு நாற்பத்து மூன்று படிவங்களையும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"கேள்வி கேக்கறதை விடு. மிஷின் வச்சுக் காதைச் சோதிக்கணும். ஆனா ஒண்ணு கேட்டுக்க ரிஃபத். இந்த வருஷம் நம்மளால ஒரே ஒரு ஊர்லதான் காது கிளினிக் நடத்த முடியும். மாசாமாசம் டாக்டர், இலவசமாக் காது மிஷின், எல்லாம் சேர்த்து. மூணு ஊரு பட்டியல்ல இருக்கு. எந்த ஊர்லயிருந்து முப்பது பேரோட ரிசல்ட்டு வருதோ அந்த ஊர்தான். அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி. முப்பது வரலைன்னா கிளினிக் பல்லடம் பக்கம் போயிரும்."

அந்தக் கணத்திலிருந்து 'முப்பது' என்ற எண் ரிஃபத்தின் தலைக்குள் குடியேறிவிட்டது.

முதல் முயற்சியாக ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாம் போட்டாள். தறி ஓடாத நாள்தானே, அமைதியாக இருக்கும் என்று நினைத்தாள். அமைதியாகத்தான் இருந்தது, ஆளே இல்லாததால். ஞாயிற்றுக்கிழமை என்றால் கள்ளித்தோட்டத்துக்குக் கறிக்கடை உண்டு, ஒறம்பரை என்கிற சொந்தக்காரர் வீடு உண்டு, காந்திபுரம் போய்த் துணி எடுக்கிற வேலை உண்டு. வந்தவர் நாலு பேர். அதில் ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தவர், இன்னொருவர் ரேஷன் அட்டை விஷயமாக வந்தவர், மூன்றாமவர் ஃபேன் காற்றுக்கு வந்தவர். நாலாவதாக வந்த தெய்வாத்தாள் மட்டும்தான் காதைக் காட்ட வந்தவள். அவளும் தன் காதுக்காக வரவில்லை.

"என்ற காது கெடக்குது போ அம்மணி. எங்கூட்டுக்காரருக்குப் பாக்கோணும். ஒண்ணைச் சொன்னா மூணு தடவ சொல்ல வேண்டியிருக்குது. என்ற ஆயுசுல பாதிப் பேச்சு ரெண்டாந்தடவ சொன்ன பேச்சுதானுங். ஆனா அந்த மனுசன் வருவாருங்கறே? 'எனக்கென்ன செவுடா'ன்னு ஏறி விழுவாரு."

வேலை நாளில் கூப்பிட்டால் தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஆளில்லை. ரிஃபத் இரண்டு நாள் சோறு இறங்காமல் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை, அப்பாவின் கடையில் மிக்சியைச் சுற்றி வந்த பழைய செய்தித்தாளில் பதில் கிடைத்தது. 'மின்தடை அறிவிப்பு: பராமரிப்புப் பணிகளுக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை...'

ஷட்டவுன்! மாதம் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்களே! அன்றைக்கு ஒரு தறிகூட ஓடாது. ஆனால் கரண்டு எப்போது வேண்டுமானாலும் முன்னாடியே வந்துவிடலாம் என்பதால் யாரும் ஊரைவிட்டுப் போகவும் மாட்டார்கள். காது சோதிக்கிற கருவியோ பேட்டரியில் ஓடுவது. அமைதியும் கிடைக்கும், ஆளும் கிடைக்கும். விசாரித்தாள். சோமனூர் பக்கம் வருகிற வியாழக்கிழமை. கீதா அவள் முதுகில் தட்டினார். இன்டர்ன்ஷிப்பில் அது முதல் தட்டு.

அதுவரை தினமும் அவள் தொழுகை முடிந்ததும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு அம்மா ரம்லா விசாரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஊர்ல எல்லாரும் கரண்டு வரணும்னு துவா கேப்பாங்க. எம்மக கரண்டு போகணும்னு கேக்கறா. ரப்பே, இவ சொல்றதையும் கேளு."

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒன்பதானது. ஒன்பதே கால் ஆனது. தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

டீக்கடைக்காரர்தான் சொன்னார். "ஷட்டவுன் தள்ளிப் போச்சுங் அம்மணி. பத்தாவது புள்ளைகளுக்குப் பரிச்சையாமா. அடுத்த மாசம்தானுங்."

அதே நேரம், ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கும் வந்திருந்த செவித்திறன் நிபுணர் சாமுவேலின் கார் சமுதாயக் கூடத்தின் முன்னால் வந்து நின்றது. தான் மருத்துவர் இல்லை என்று இரண்டு தடவை ஊராரைத் திருத்திப் பார்த்து, அப்புறம் 'டாக்டர்' என்ற அழைப்பை ஏற்றுக்கொண்டுவிட்ட மனிதர் அவர். கூடத்துக்குள் போய்க் கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினார். கைபேசியில் சத்தத்தை அளந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தச் சத்தத்துல டெஸ்ட் பண்ணா எல்லாருக்கும் காது போச்சுன்னுதான் வரும்மா. எனக்கே அப்படித்தான் வரும். ரெண்டு மணிக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள அமைதி கெடைச்சாப் பாக்கலாம்."

ரிஃபத் தெருவில் இறங்கினாள். குடோன் குடோனாக ஏறினாள். கொங்குச் சீமை மரியாதைக்குப் பேர் போனது. ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை.

"நிறுத்தறதுக்கென்னங்க, தாராளமா நிறுத்தலாமுங்க. அக்கட்டால குடோன்ல நிறுத்தட்டும், ஒடனே நானும் நிறுத்திப்போடறேன்" என்றார் எட்டாம் குடோன்காரர்.

"அவிய நிறுத்தட்டுமுங்க, நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்?" என்றார் ஏழாம் குடோன்காரர்.

ஐந்தாம் குடோன் சுரேந்தருடையது. முப்பது வயது, காளிச்சாமிக்குப் பங்காளி வீட்டுப் பையன். அவன் இளநீர் வெட்டிக் கொடுத்து உபசரித்தான். "மொதக் குடோன் பெரியப்பா நிறுத்திட்டா தெருவே நிறுத்துமுங். அவரக் கேளுங்க." மரியாதையாக ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். கடைசியில் அவள் காளிச்சாமியின் முன்னால் நின்றாள். அவர் ஐம்பத்தெட்டு வயது ஆகிருதியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் உதட்டையே உற்றுப் பார்த்து முழுவதையும் கேட்டார்.

"ஏழு குடோனும் நிக்கட்டும் அம்மணி. எட்டாவதா நான் நிறுத்தறேன்" என்றார். எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குளிக்கப் போய்விட்டார்.

மணி பத்தரை. ரிஃபத் குடோன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். பெரிய அழுகை ஒன்றுமில்லை, மூக்கைத் துடைத்துக்கொள்கிற அளவுக்கு. தறிகளுக்கு நடுவிலிருந்து தெய்வாத்தாள் அதைப் பார்த்தாள். 'என்னாச்சு' என்று கையை விரித்துக் கேட்டாள். ரிஃபத் சத்தமில்லாமல் உதட்டால் சொன்னாள். நிறுத்த மாட்டேங்கறாங்க. கிளினிக் போயிடும்.

தெய்வாத்தாள் ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் விறுவிறுவென்று சுவரோரமாகப் போனாள். மெயின் சுவிட்சைப் பிடித்து 'மளார்' என்று கீழே இழுத்தாள்.

பன்னிரண்டு தறியும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விட்டு நின்றன.

"என்னாயிப் போகுது, பாத்துப்போடலாம்" என்றபடி பஞ்சுத் தூசி படிந்த கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

எதிர்க் குடோனிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். நின்ற தறியையும், வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற தெய்வாத்தாளையும், பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிற ரிஃபத்தையும் பார்த்தாள். உள்ளே ஓடினாள். அந்தக் குடோனும் நின்றது. அப்புறம் மூன்றாவது. நாலாவது. தெருக்கோடி வரைக்கும் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், எட்டாவது குடோனும் அடங்கியபோது, ரிஃபத் கள்ளித்தோட்டத்தில் முதல்முறையாக ஒரு காக்கையின் குரலைக் கேட்டாள். எங்கோ தொட்டிலில் ஒரு குழந்தை வீரிட்டது. தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய குழந்தைக்கு அமைதி ஆகவில்லை.

"நிறுத்திட்டாங்க! எல்லாரும் நிறுத்திட்டாங்க அக்கா!" ரிஃபத் தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக் குதித்தாள். எத்தனை நல்ல மனிதர்கள் என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடி அழுகை வந்தது.

பிறகுதான் கூட்டம் வந்தது. வந்த விதம்தான் சரியில்லை. பெண்கள் தலைமுடியை அள்ளி முடியாமல் வந்தார்கள். ஆண்கள் தோளில் துண்டோடு, பேச்சில்லாமல், தலையைக் குனிந்து வந்தார்கள். எதிர்க் குடோன் பெண் வந்த வேகத்தில் தெய்வாத்தாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று குரலெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் சுரேந்தர் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினான். அவன் கையில் சோமனூர்க் கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்த, ஆள் உயர ரோஜாப்பூ மாலை.

கள்ளித்தோட்டத்தில் கரண்டு இருக்கும்போது, வேலை நாளில், ஒரு குடோன் முழுசாக நின்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அந்த வீட்டில் எழவு. யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதில்லை, சத்தம் நின்றதே செய்தி. உடனே தெரு முழுக்க நிறுத்திவிட்டு வர வேண்டும். பிணத்தை எடுத்து முடிக்கிறவரை ஒரு தறிகூட ஓடக் கூடாது. இது அந்த ஊர்க் கட்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிய காளிச்சாமியின் வீட்டில் தறி நின்றால், போனது யார் என்று கேட்கவும் தேவையிருக்கவில்லை.

"காலையிலகூடப் பாத்தனே பெரீம்மா" என்று சுரேந்தர் மாலையோடு விம்மினான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, காளிச்சாமி வந்தார். தன் வீட்டு வாசலில் ஊரே கூடி நிற்பதைக் கண்டதும் அவர் முகம் மாறிப்போனது. துவட்டிய துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏனுங், யாருங்க போனது?"

பக்கத்தில் நின்றவர் இரண்டடி பின்வாங்கினார். கடைசியில் சுரேந்தர்தான் சொன்னான்.

"நீங்கதானுங் பெரியப்பா."

ரிஃபத்துக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷமே எட்டு சுவிட்சும் மேலே ஏறிவிடும். முப்பது போய்விடும், கிளினிக்கும் போய்விடும். சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. செத்தவரே துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் வாசற்படியில் ஏறி நின்றாள். எல்லார் முகத்துக்கும் நேராக, எல்லாருக்கும் வாய் தெரிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"யாரும் சாகலைங்க. காது பாக்கறதுக்கு அமைதி வேணும்னு நான்தான் அழுதேன். அக்கா எனக்காக நிறுத்தினாங்க. நின்னா எழவுன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்க. தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கங்க. நீங்க போய்த் தறி ஓட்டலாமுங்க."

தெருவில் காக்கை மட்டும் பேசியது.

முதலில் சிரித்தது எதிர்க் குடோன் பெண். அழுத கண்ணீரோடேயே சிரித்தாள். "அடக் கெரகமே! நான் ஒப்பாரியே வச்சுப்போட்டனே!" அது ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவியது. எட்டாம் குடோன்காரர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "செரி செரி, நடங்க, தறிய ஓட்டலாம்" என்று நகர்ந்தார்.

சுரேந்தர் மாலையோடு குறுக்கே நின்றான். "அதெப்புடீங் மாமா? எழவுன்னு நிறுத்துன தறிய எடுக்கறதுக்கு முன்னால ஓட்டலாமுங்களா? ஊர்க் கட்டு என்னாகறது?"

"எடுக்கறதுக்கு இங்க யார்ரா கெடக்கறா?"

"இதா, பெரியப்பா நிக்கறாரே! இவரத்தான் எடுக்கோணும். எடுத்துக் கொண்டுபோய்க் கூடத்துல உக்கார வச்சுக் காதப் பாத்துட்டுத்தான் தறிய ஓட்டோணும்!"

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. காளிச்சாமி "எனக்கென்ன செவுடா?" என்று ஆரம்பித்தார், அவர் குரல் எடுபடவில்லை. இரண்டு பேர் இந்தக் கையையும் இரண்டு பேர் அந்தக் கையையும் பிடித்துக்கொண்டார்கள். யாரோ விசிலடித்தார்கள். ஊர்வலம் கூடத்தை நோக்கி நகர்ந்தது. வாசலில் நின்றிருந்த சாமுவேல் இதைக் கண்டு திகைத்தார். கையிலிருந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற சுரேந்தர், நேராகப் போய் அதை அவர் கழுத்தில் போட்டுவிட்டான்.

"எதுக்குங்க இதெல்லாம்? ஒரு சின்ன டெஸ்ட்டுக்கு" என்று சாமுவேல் நெகிழ்ந்துபோனார். அந்த மாலை யாருக்காக வாங்கியது என்பதைக் கடைசிவரை அவருக்குச் சொல்வதில்லை என்று ரிஃபத் அப்போதே தீர்மானித்தாள்.

காளிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். காதில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சட்சட்டென்று தூக்கினார். ஒன்றுவிடாமல் தூக்கினார். "பாத்தீங்களா?" என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். சாமுவேலுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு தடவை சத்தமே கொடுக்காமல் பொத்தானை மட்டும் தொட்டார். விரல் எழுந்தது.

"ஐயா என் கையைப் பாத்துத் தூக்கறாருமா" என்று ரிஃபத்திடம் கிசுகிசுத்தார். காளிச்சாமி தறிக்காரர் அல்லவா, கையைப் படிக்கத் தெரியாதா? நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

இந்தத் தடவை விரல் எழவில்லை. சாமுவேல் சத்தத்தைக் கூட்டினார். எழவில்லை. இன்னும் கூட்டினார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கி அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து விரல் மெல்ல, தயங்கித் தயங்கி, மேலே போனது.

காளிச்சாமி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பினார். "ஏனுங் டாக்டரே, இவ்வளவு நேரம் நீங்க சத்தமே போடலீங்களே?"

"ஆறு தடவை போட்டேனுங்க ஐயா."

அவர் தன் விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "ஏம் புள்ள, நீ சொன்னதெல்லாம் மெய்தான் போல" என்றார். தெய்வாத்தாள் தலையை ஆட்டினாள். அவர் எழுந்து கூடத்து வாசலுக்குப் போய், கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் உக்காருங்க. எனக்கே இப்படின்னா உங்களுக்கெல்லாம் என்னன்னு பாத்துட்டுத்தான் போகோணும். தறி எங்கயும் ஓடிப் போயிராது."

அப்படித்தான் வரிசை உருவானது. ரிஃபத் பெயர் எழுதினாள், வரிசை எண் எழுதினாள். அழுத குழந்தையை யாரோ பஸ் ஸ்டாப் பக்கம் தூக்கிப் போய் லாரிச் சத்தம் காட்டினார்கள், அது உடனே தூங்கிவிட்டது. எட்டாம் குடோன்காரர் பதினாலாவது ஆளாக உட்கார்ந்தார். எதிர்க் குடோன் பெண்ணுக்கு இடது காது பரவாயில்லை, வலதுதான் மோசம் என்று வந்தது. "அதானுங்க, எங்க மாமியாரை எப்பவுமே வலது பக்கமா உக்கார வைப்பேன்" என்றாள். கூடமே குலுங்கியது. 'அமைதி, அமைதி' என்று சாமுவேல் மாலையோடு கெஞ்ச வேண்டியதாயிற்று.

ஒன்றே முக்காலுக்கு ரிஃபத் எண்ணிப் பார்த்தாள். இருபத்தொன்பது. வரிசை தீர்ந்துவிட்டிருந்தது. வாசலில் நின்ற சுரேந்தர்மேல் அவள் பார்வை விழுந்தது.

"எனக்கெதுக்குங்க? எனக்கு முப்பது வயசுதானுங்!"

"நீங்கதான் எனக்கு முப்பதாவதுங்க, வாங்க" என்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவள் அப்படி ஒருவரை இழுத்துப் போவாள் என்று அவள் அம்மாவே நம்பியிருக்க மாட்டாள். சுரேந்தருக்கும் லேசாகக் குறைவு இருந்தது. இப்போதே காதுக்கு அடைப்பான் போட்டு வேலை செய்தால் மேலும் போகாமல் காப்பாற்றலாம் என்றார் சாமுவேல். அதைக் கேட்டு, காதைக் காட்டாமல் நழுவியிருந்த இளவட்டங்கள் நாலு பேர் தாங்களாகவே வந்து நின்றார்கள்.

முப்பத்து நாலு.

கீதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எண்ணைச் சொன்னாள். மறுமுனையில் கீதா கைதட்டியது கூடம் முழுக்கக் கேட்டது, கேட்கிறவர்களுக்கு.

"அப்ப கள்ளித்தோட்டம்தான். மாசாமாசம் மொத வியாழன் வர்றோம். ஆனா ஒரு விஷயம் சொல்லிருங்க. அன்னிக்கு ரெண்டு மூணு மணி நேரம் தறி நிக்கணும். அதுக்கு யார் பொறுப்பு?"

அதை ரிஃபத் எல்லாருக்கும் வாய் தெரிகிற மாதிரி திருப்பிச் சொன்னாள். எட்டுக் குடோன்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டாமவர் ஏழாமவரைப் பார்த்தார்.

அதற்குள் சாமுவேல் போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பெட்டியில் மாதிரிக்கு வைத்திருந்த காது மிஷின் ஒன்றைக் காளிச்சாமியின் காதில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது காதிலேயே இருக்க, காளிச்சாமி போனுக்குக் கிட்டே குனிந்து சொன்னார்.

"மொத ஆளா நான் நிறுத்தறனுங்க."

"நீங்க நிறுத்துனா மத்தவங்களுக்கு எப்படித் தெரியுமுங் பெரியப்பா?" என்றான் சுரேந்தர். "எழவுன்னாத்தான நாங்க நிறுத்துவோம்?"

"அதுக்கென்ன, மாசத்துக்கு ஒருக்கா நான் செத்துக்கறேன். நீங்க நிறுத்திப்போட்டு வாங்க."

பக்கவாட்டில், அவர் வாய் தெரிகிற மாதிரி சுவரோரமாக நின்றிருந்த தெய்வாத்தாள், யாருக்கும் கேட்காத குரலில் முணுமுணுத்தாள். "மொதல்ல வாயக் கழுவுங்க."

காளிச்சாமி திரும்பவில்லை. எரிச்சலாகக் கையை வீசினார்.

"கழுவறேன், கழுவறேன். அதுக்கு எதுக்கு இந்தக் கத்துக் கத்தறே?"

தெய்வாத்தாள் ரிஃபத்தைப் பார்த்தாள். அவள் கண் விரிந்திருந்தது.

"நான் எங்கீங் அம்மணி கத்துனேன்?"